அண்ணனின் கைராசி

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பெட்டியோடு குப்பையில் வீசிவிடாதே. உள்ளே பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றன, யார் கையையாவது கிழித்துவிடும்.

அம்மா போய் நாலு வருஷம். அதற்குப் பிறகு நாம் போனில் பேசியது மூன்று முறை, மூன்றும் இரண்டாவது நிமிஷத்தில் சண்டையில் முடிந்தன. அதனால்தான் கடிதம். புட்டிகளோடு அனுப்பினால் நீ படித்தே ஆக வேண்டும், குறுக்கே பேசவும் முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் என்று உனக்குத் தெரியும். அதைத் தண்ணீரோடு சேர்த்து அம்மோனியா ஆக்கிவிட்டால் உரம் தயார். நாளைக்குக் கப்பல் ஓட்டும் எரிபொருளும் அதுதான் என்கிறார்கள். இப்போது அதற்குப் பெரிய ஆலையும் பயங்கரச் சூடும் அழுத்தமும் வேண்டும். நான் அதைத் திறந்த பாத்திரத்தில், வெறும் வெயிலில் செய்கிறேன். தண்ணீரில் ஒரு சிட்டிகைத் தூள், அவ்வளவுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தத் தூள் கசக்கிப் போட்ட காகிதக் குவியல் மாதிரி இருக்கும். தலைமுடியை இருபதாயிரமாக வகுத்தால் அதில் ஒரு தாளின் கனம். அந்தத் தாள்கள் வெயிலை வாங்கி நைட்ரஜனை உடைக்கின்றன. இரண்டு வருஷமாக இதே வேலை, ஐந்து வகைத் தூள் செய்து பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அதிகம் தருகிறது.

ஏப்ரல் பத்தாம் தேதி பணம் ஒதுக்கும் குழு ஒன்று வருகிறது. அவர்கள் சரி என்றால் பத்து ஏக்கரில் பெரிய அமைப்பு எழும்பும். ஆனால் வெளி ஆள் ஒருவர் அளந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். தண்ணீரில் அம்மோனியா அளப்பதையே இருபது வருஷமாகத் தொழிலாக வைத்திருக்கும் வெளி ஆள் எனக்கு ஒருத்திதான் தெரியும்.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். கேன்டீன்காரர் எதைச் செய்தாலும் நாணயத்தைச் சப்பியதுபோல் இருக்கிறது. இரண்டு முறை சண்டை போட்டுவிட்டேன். புதுச் செருப்பு மாலையானால் கடிக்கிறது.

உன் அண்ணன்


பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு என்று கூப்பிட்டிருக்கிறாய். வாலுக்கு நாற்பத்தேழு வயது, மூட்டுவலி வேறு. பரவாயில்லை, படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் பெட்டியை மூலையில் தள்ளிவிட்டேன். மூன்று நாள் அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் குடிநீர் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் வேலை தெரியுமல்லவா, குடிநீரில் அம்மோனியா தெரிந்தால் எங்கோ சாக்கடை கலக்கிறது என்று அர்த்தம். சோதனை மருந்தைச் சொட்டுவோம். அம்மோனியா இருந்தால் நீலம் ஏறும். இல்லையென்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

அண்ணா, உன் ஐந்தாம் தூள் புட்டியில் சொட்டிவிட்டுத் திரும்பிப் பேனாவை எடுத்தேன். மறுபடி பார்த்தால் மை கொட்டியதுபோல் நீலம். தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பம்ப் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எந்த ஊர்த் தண்ணிம்மா இது? உடனே மூடச் சொல்லுங்க, ஜனங்க குடிச்சிடப் போறாங்க" என்று பதறிவிட்டார். லிட்டருக்கு முந்நூற்றுப் பத்து மைக்ரோகிராம். மூன்று முறை அளந்தேன், அதேதான்.

வெறும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் இது வந்தது என்றால் என்னால் நம்பவே முடியவில்லை. என் அண்ணன்தான் என்று பம்ப் ஆபரேட்டரிடம் சொல்லிக்கொண்டேன். சொல்லி நாலு வருஷம் ஆயிற்று.

ஆனால் பன்னிரண்டில் நாலு புட்டிகளில் அம்மோனியா துளிகூட இல்லை. அவை என்ன? சீட்டில் எழுதவில்லை.

அப்புறம், பிடிக்காத பேச்சு ஒன்று. அம்மாவின் நோய் பிள்ளைகளுக்கும் வரலாம், இரண்டு பேரும் ஸ்கேன் எடுங்கள் என்று டாக்டர் சொன்னாரே. நான் எடுத்தேன், எனக்கு இல்லை. நீ "அடுத்த மாசம்" என்றாய். எந்த வருஷத்து அடுத்த மாசம்?

வாலு


மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

முந்நூற்றுப் பத்து! இங்கே நான் அளந்தது முந்நூற்று ஆறு. உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பம்ப் ஆபரேட்டர் சொன்னதை மட்டும் இரண்டு முறை.

ஒன்றும் இல்லாத நாலில் இரண்டு இருட்டுப் பாத்திரத்துத் தண்ணீர். அதே தூள், அதே தண்ணீர்தான், ஆனால் காலையிலேயே தகடு சுற்றி மூடிவிடுவோம். வெயில் படாவிட்டால் ஒன்றும் வராது என்று காட்டத்தான். வரவில்லை பார்த்தாயா? வெயில்தான் வேலை செய்கிறது.

மற்ற இரண்டும் ஸ்டோரக்கா செய்தவை. ஸ்டோரில் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது என்னோடு வேலை செய்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் சார் என்பதை விடமாட்டார். வேலையில் என்னைவிடச் சுத்தம். தூசி ஒத்துக்கொள்ளாது என்று மூக்கும் வாயும் மூடிய மாஸ்க்கோடுதான் மாடிக்கே வருவார். ஆனால் அவர் செய்தால் மட்டும் நீலம் ஏறாது! ஒரு வருஷமாக இதே கதை. "கைராசி வேணுங்க சார்" என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். சில தூள்களுக்குக் கலக்குகிற வேகம், ஊற்றுகிற கோணம் எல்லாம் முக்கியம். கை பழக வேண்டும்.

எங்கள் மாடி அறையை நீ பார்க்க வேண்டும். கண்ணாடிக் கூரை, சுற்றிலும் கண்ணாடி. காற்று அசைந்தால் தூள் கலங்கும் என்று ஜன்னல் திறப்பதில்லை. நடு மேசையில் அகலமான பாத்திரம். கிட்டப்பார்வைக்காரன் நான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தால்தான் சின்னக் குமிழிகள் தெரியும். தண்ணீருக்கும் மூக்குக்கும் நாலு விரல் இடைவெளி. வெயில் ஏறிய நாளில் நாற்காலியைப் போட்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். மேகமூட்டமான நாளில் மாடி ஏறுவதே இல்லை, அன்றைக்கு விளைச்சலும் குறைவு.

ஸ்கேன் எடுக்கிறேன். குழு வந்து போகட்டும். உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. கால் வீக்கம் நின்றுகொண்டே வேலை செய்வதால். தோல் அரிப்பு தூளால். இரவில் நாலு தடவை எழுந்திருப்பது வயதால். எல்லாவற்றுக்கும் காரணம் கையில் இருக்கிறது, நீ கவலைப்படாதே.

அடுத்த பெட்டி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை யார் செய்தது என்று ஒவ்வொரு புட்டியிலும் எழுதியிருக்கிறது. அளந்து, முத்திரை வைத்து அனுப்பு.

உன் கைராசிக்கார அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

முத்திரை வைக்கவில்லை. திட்டாமல் கடைசி வரை படி.

உன் பத்துப் புட்டியும் நீலம். ஸ்டோரக்காவின் பத்தும் நிறமே மாறாத தண்ணீர். லேசாகக்கூட ஏறவில்லை. ஒரே தூள், ஒரே பாத்திரம், ஒரே வெயில், அடுத்தடுத்த நாள். கைராசி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இருபது வருஷத்தில் ஒரு குழாய்கூட ஆள் பார்த்துத் தண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு முறை ஏழு தெருத் தண்ணீரிலும் அம்மோனியா காட்டியது. சாக்கடை உடைந்துவிட்டது என்று நாங்கள் பாதி ஊரைத் தோண்டிவிட்டோம். கடைசியில் பார்த்தால், தரை துடைக்கிற மருந்தை யாரோ மாற்றி வாங்கியிருந்தார்கள். அதன் ஆவி எங்கள் புட்டிகளில் இறங்கியிருக்கிறது. தோண்டிய தெருக்காரர்கள் எங்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மோனியா அப்படி ஒரு பொருள். எங்கிருந்தாவது வந்து தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும், வந்த வழியைச் சொல்லாது.

அதனால் ஒன்று செய். தூளே போடாமல், அதே பாத்திரத்தில் வெறும் தண்ணீரை வை. மற்றபடி நீ வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய். உட்காருவது, குனிவது, எழுதுவது, எதையும் விடாதே. மாலையில் சொட்டிப் பார். நீலம் ஏறவில்லை என்றால் அன்றைக்கே முத்திரை குத்தி நானே கொண்டுவந்து தருகிறேன்.

தப்பு கண்டுபிடிக்கவேண்டும் என்று எழுதவில்லை. குழுவுக்கு முன்னால் உன் மூக்கு அறுபடக் கூடாது என்றுதான்.

வாலு


மார்ச் 21

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

வெறும் தண்ணீர்ச் சோதனை போன வருஷமே செய்தாகிவிட்டது. செய்தவர் ஸ்டோரக்கா. சுத்தமாக இருந்தது. இருபத்தேழு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவனுக்குத் தரை துடைக்கிற மருந்தின் கதையெல்லாம் வேண்டாம்.

உனக்கு என் மேல் இருக்கிற கோபம் எனக்குப் புரிகிறது. அம்மா படுத்திருந்த ஒரு வருஷமும் நீ தனியாகப் பார்த்தாய், நான் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனேன். அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் நேராகக் கொடு. இந்த வேலையைத் தொடாதே. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

வேறு இடத்தில் முத்திரை வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று நன்றாக அழுதேன். பிறகு மூன்றாம் வாசிப்பில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "செய்தவர் ஸ்டோரக்கா." அப்படியானால் வெறும் தண்ணீரின் மேல் நீ ஒரு நாளும் உட்காரவில்லை. இருட்டுப் பாத்திரத்தின் மேலும் உட்காரவில்லை. தகடு சுற்றிய பாத்திரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? வெயில் ஏறிய நாளில்தான் மணிக்கணக்கில் குனிந்திருக்கிறாய். மேகமூட்டத்தில் மாடிக்கே போகவில்லை. வெயில் என்று நீ எழுதிய இடத்திலெல்லாம் நீ இருக்கிறாய் அண்ணா.

மறுநாள் நிலையத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு, அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, உன்னைப் போலவே நாலு விரல் இடைவெளியில் குனிந்து உட்கார்ந்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. மாலையில் சொட்டினேன். லேசாக நீலம் ஏறியது! இருபத்தெட்டு. பம்ப் ஆபரேட்டரை உட்காரவைத்தேன், இருபத்தைந்து. மேலாளரம்மாவைக் கெஞ்சி உட்காரவைத்தேன், முப்பத்தொன்று. மனுஷ மூச்சில் எல்லோருக்கும் துளி அம்மோனியா உண்டு. உன் நீலம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. சொன்னால் என்னைக் கொன்றேபோடுவாய் என்று நினைத்துக்கொண்டே காகிதத்தில் நாலு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன்.

இருபத்தெட்டு, இருபத்தைந்து, முப்பத்தொன்று, முந்நூற்றுப் பத்து.

அப்போதுதான் கடைசி எண் உறைத்தது. ஆராய்ச்சி போனது எனக்கு மறந்தேபோய்விட்டது. மற்றவர்களைவிடப் பத்து மடங்கு ஏன்?

சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய யூரியா இரத்தத்தில் தேங்கினால் எச்சிலில் இறங்கும், வாயில் அம்மோனியாவாகும். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டபோது டாக்டர் எனக்குச் சொன்னார். ஏனென்றால் நான் கேட்டேன். அம்மாவின் கடைசி வருஷத்தில் பக்கத்தில் குனிந்து தலை வாரும்போது ஒரு வாடை வரும். பல் தேய்த்துவிட்டாலும் போகாது. எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, "வாயெல்லாம் ஆணியைச் சப்பின மாதிரி இருக்குடி" என்பாள். கால் வீங்கும். உடம்பெல்லாம் சொறிவாள். இரவில் எழுந்து எழுந்து போவாள். உன் மூன்று கடிதங்களையும் மேசையில் விரித்துவைத்துப் படித்தேன். அம்மாவே எழுதியதுபோல் இருக்கிறது.

நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும். பொறாமைக்காரி என்று நாலு பேரிடம் சொல், நானே தலையாட்டுகிறேன். ஆனால் குழு வரும்வரை காத்திருக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்த நாளே இரத்தப் பரிசோதனைக்குப் போ. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். எட்டு முறை செய்துவிட்டேன்.

வாலு


ஏப்ரல் 14

அன்புள்ள வாலுக்கு,

இடது கையில் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள், வலது கை சும்மாதான் இருக்கிறது. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

உன் கடிதத்தைப் படித்ததும் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். மறுநாள் காலை இரண்டு பாத்திரங்களில் வெறும் தண்ணீர் வைத்தேன். தூள் இல்லை. கூரையைத் துணி போட்டு மூடிவிட்டேன், வெயிலும் இல்லை. ஒன்றை மூடினேன். இன்னொன்றின் மேல் குனிந்து உட்கார்ந்தேன். பார்க்க ஒரு குமிழிகூட இல்லை, ஆனாலும் மாலைவரை எழவில்லை. மருந்தை ஸ்டோரக்காவையே சொட்டச் சொன்னேன்.

மூடியது தண்ணீராகவே இருந்தது. நான் குனிந்ததில் நீலம் ஏறியது. கண்ணெதிரே, அந்தத் தூள்கள் எதிலும் பார்க்காத அளவுக்கு. முந்நூற்று நாற்பது.

ஸ்டோரக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"சார், எனக்குத் தூசியெல்லாம் ஒண்ணும் செய்யாது. உங்க பக்கத்துல வந்தா ஒரு வாடை வரும். ரொம்ப நாளாவே. பெரிய மனுஷர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் வாயைக் கட்டிக்கிட்டேன். சொல்லியிருந்தா இப்படி ஆயிருக்காதே சார்" என்றார்.

மரியாதைக்காக ஒரு வருஷம் மாஸ்க் போட்டிருக்கிறார். அதைக் கேட்டு நான் சிரித்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அவர்தான் கையைப் பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிவந்தார். இரத்தம் எடுத்த அரை மணி நேரத்தில் சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். சிறுநீரகக் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் ஒன்பது, ஒன்றைச் சுற்றித்தான் இருக்க வேண்டுமாம். நான் நடந்து வந்ததே அதிசயமாம். அன்றைக்கே இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் போட்டுவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள். ஸ்கேனில் அம்மாவுக்கு இருந்ததேதான், இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகளாக.

குழுவுக்கு ஆறாம் தேதியே மூன்று வரி எழுதிவிட்டேன். முடிவு தவறு, தவறு என்னுடையது, வர வேண்டாம். பத்து ஏக்கரும் தப்பித்தது. அந்தத் தூள் வெயிலில் ஒரு வேலையும் செய்யவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் நேற்று வந்து, "எப்பலேர்ந்து இப்படி இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் ஒரு ஆறு மாசமாக, ஒரு வருஷமாக என்று குத்துமதிப்பாகச் சொல்வார்களாம். நான் ஸ்டோரக்காவிடம் சொல்லி ஆய்வுக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் செய்தேன். முதல் தூள், அறுபது. இரண்டாவது, நூற்றுப் பத்து. மூன்றாவது, நூற்று எண்பது. அன்றைக்குக் கூடம் முழுக்க இனிப்புக் கொடுத்தோம். நாலாவது, இருநூற்று நாற்பது. நான் தூளைத் திருத்தத் திருத்த விளைச்சல் ஏறுகிறது என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதி, இரண்டு கோடு போட்டிருக்கிறேன். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, "சிறுநீரகம் கெட்டதை இவ்வளவு துல்லியமா, வாராவாரம் எழுதி வச்ச நோயாளியை நான் பார்த்ததே இல்ல சார்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. நாணயத்தைச் சப்பியதுபோல் இருக்கிறது என்று கேன்டீன்காரரோடு முதல் முறை சண்டை போட்ட நாள்தான் நினைவுக்கு வந்தது. அது முதல் தூளின் காலம், அறுபது. அம்மா அதே பேச்சைப் பேசியபோது பக்கத்தில் நான் இருந்திருந்தால், அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். முதல் பக்கத்திலேயே குறிப்பேட்டை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். அப்போது இன்னும் நேரம் இருந்ததாம். அந்த ஒரு வருஷம் நான் வராதது உனக்கும் அம்மாவுக்கும் மட்டும் செய்த குறை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. ஆனாலும் வா. திங்கள், புதன், வெள்ளி மெஷினில் இருப்பேன். மற்ற நாள் வீட்டில். போனை எடுக்கிறேன்.

உன் அண்ணன்